மின் மலைச் சைக்கிள் கட்டுவோருக்கு: சக்கர அளவையும் மோட்டாரையும் தேர்ந்தெடுக்கும் முறை

மலைப்பாதைக்கான மின் சைக்கிளை வீட்டிலேயே கட்ட முனைபவர்களில் பலர், முதலில் மோட்டாரை வாங்கிவிட்டுப் பிறகுதான் அதற்கேற்ற சைக்கிளைத் தேடுகிறார்கள். கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டச் சாலைகளில் ஓட்டுவதற்காக நான் கட்டிய முதல் வண்டியும் அப்படித்தான் உருவானது. 29 அங்குலச் சக்கரத்தில், அட்டைப் பெட்டியின் மேல் ஆயிரம் வாட் என்று அச்சிட்டிருந்த ஒரு ஹப் மோட்டாரைக் கோத்தேன். சமதளத்தில் பறந்த அந்த வண்டி, மூன்றாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் கறகறவென்று ஒலி எழுப்பிவிட்டு நின்றது. மூடியைக் கழற்றிப் பார்த்தபோது, உள்ளே இருந்த நைலான் பற்சக்கரங்களின் பற்கள் சூட்டில் இளகி மழுங்கியிருந்தன. பற்சக்கரங்களை மாற்றிய பின் அதே மோட்டார் ஒரு நண்பரின் 26 அங்குல வண்டியில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவருடைய ஊர் சமவெளியில் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சக்கரத்தின் நடுவில் உட்காரும் ஹப் மோட்டாருக்குக் கியர் மாற்றும் வசதி கிடையாது. பெடலை மிதிப்பவர் பின்பக்கப் பற்சக்கரங்களை மாற்றிக்கொள்ளலாம். மோட்டாருக்கோ சக்கரத்தின் விட்டம்தான் ஒரே கியர், அதுவும் ஒரு முறை கட்டிவிட்டால் மாறாத கியர். எனவே ஏறப்போகும் மேட்டை முதலில் அளந்து, பிறகு எடையைக் கூட்டி, அதன்பின் சக்கரத்தைத் தீர்மானித்து, கடைசியாக மோட்டாரை வாங்குவதே சரியான வரிசையாகும். இக்கட்டுரையும் அந்த வரிசையிலேயே செல்கிறது.

மேட்டை அளத்தல்

கைப்பேசிச் செயலிகள் காட்டும் ஏற்ற அளவு, மரங்கள் அடர்ந்த வளைவுகளில் பெரும்பாலும் பிசகும். ஒரு மீட்டர் நீளமுள்ள ரீப்பர் கட்டையும் கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டமும் இருந்தால் போதும். கட்டையைச் சாலை ஏறும் திசையில் தரையில் வைத்து, தாழ்ந்த முனையை ரசமட்டக் குமிழ் நடுவில் நிற்கும்வரை உயர்த்தி, அந்த முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்தால், எத்தனை சென்டிமீட்டர் வருகிறதோ அதுவே சாலையின் சரிவு விழுக்காடு. வழக்கமான பாதையில் மிகச் செங்குத்தான இடத்தையும், நீண்ட நேரம் தொடர்ந்து ஏறும் இடத்தையும் தனித்தனியே அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மோட்டாரைச் சுடவைப்பது பெரும்பாலும் இரண்டாவது இடம்தான். அரை நிமிடம் நீடிக்கும் 20 விழுக்காட்டு மேட்டை அது சமாளித்துவிடும், அரை மணி நேரம் நீடிக்கும் 10 விழுக்காட்டு மேட்டில்தான் திணறும்.

ஒப்பீட்டுக்காக ஒன்றைச் சொல்லலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து புறப்படும் நீலகிரி மலை ரயில், கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பற்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. அங்குள்ள அதிகபட்சச் சரிவு ஏறத்தாழ 12-க்கு 1, அதாவது 8 விழுக்காட்டுக்குச் சற்று மேல். தோட்டங்களுக்குள் செல்லும் குறுக்குப் பாதைகளில் அதைப் போல இரு மடங்கு சரிவு சாதாரணமாகத் தென்படும். ரயிலே பல்லைக் கொண்டு ஏறும் மேட்டைவிடச் செங்குத்தான மேட்டில், கியரில்லாத மோட்டாரிடம் அளவுக்கு மீறி எதிர்பார்க்கக் கூடாது.

எவ்வளவு திறன் வேண்டும்?

இந்தியாவில் 30 நிமிடத் திறன் (மோட்டார் அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய திறன்) 250 வாட்டுக்குக் குறைவாகவும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு உட்பட்டும் இருக்கும் வண்டியே, மோட்டார் வாகன விதிகளின்படி மோட்டார் வாகனமாகக் கருதப்படாமல் தப்புகிறது. அந்த வரம்பைத் தாண்டினால் பதிவு, காப்பீடு, ஓட்டுநர் உரிமம் என்று எல்லாம் தேவைப்படும். வீட்டில் கட்டிய வண்டிக்கு அவற்றைப் பெறுவது நடைமுறையில் எளிதன்று. ஆகவே பொதுச் சாலையில் ஓட்டும் எண்ணம் இருப்பவர்கள் 250 வாட்டை வைத்தே கணக்கிட வேண்டும். அது போதாது என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஓட்டுபவர் 70 கிலோ, மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்த சைக்கிள் 28 கிலோ, பையும் தண்ணீரும் 7 கிலோ, ஆக மொத்தம் 105 கிலோ என்று கொள்வோம். இந்த எடை 10 விழுக்காட்டு மேட்டில் ஏறுவதற்கு ஏறத்தாழ 102 நியூட்டன் விசை தேவைப்படுகிறது. மண் பாதையில் டயர் உருளும்போது ஏற்படும் தடைக்கு 20, காற்றுத் தடைக்கு 3 எனச் சேர்த்தால் 125 நியூட்டன் வருகிறது. ஒரு கிலோ எடையைத் தூக்கிப் பிடிக்க ஏறத்தாழ 10 நியூட்டன் வேண்டும் என்பதை நினைவில் வைத்தால் இந்த அளவு மனத்தில் நிற்கும். ஓட்டுபவர் நிதானமாக மிதித்து 100 வாட் தர, மோட்டார் 250 வாட் தந்தால், கிடைக்கும் 350 வாட்டில் வண்டி மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும். மலை ஏறுவதற்கு இது நல்ல வேகமே. இதே கணக்கை 20 விழுக்காட்டு மேட்டுக்குப் போட்டால், தேவையான விசை 223 நியூட்டனாகவும் வேகம் ஐந்தரை கிலோமீட்டராகவும் ஆகின்றன. அது நடப்பவரின் வேகம்தான், ஆனாலும் வண்டி ஏறிவிடும், அதே 250 வாட்டை அந்தக் குறைந்த வேகத்திலும் மோட்டார் தொடர்ந்து தருமானால். சக்கர அளவு குறுக்கிடுவது இந்த இடத்தில்தான்.

சக்கர அளவும் சூடும்

முறுக்கு விசை என்பது, தரையில் தள்ளும் விசையைச் சக்கரத்தின் ஆரத்தால் பெருக்கினால் கிடைப்பது. 2.3 அங்குல அகல டயரோடு சேர்த்து 26 அங்குலச் சக்கரத்தின் ஆரம் 338 மில்லிமீட்டர், 27.5 அங்குலத்துக்கு 350, 29 அங்குலத்துக்கு 369. மேலே கண்ட 10 விழுக்காட்டு மேட்டில் மோட்டாரின் பங்கு 90 நியூட்டன். எனவே 26 அங்குலச் சக்கரத்தில் மோட்டார் 30 நியூட்டன் மீட்டரும், 29 அங்குலத்தில் 33 நியூட்டன் மீட்டரும் முறுக்க வேண்டியிருக்கிறது. வெறும் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான வித்தியாசம்தானே என்று தோன்றும்.

ஆனால் மோட்டாரின் செம்புக் காயிலில் பிறக்கும் சூடு, முறுக்கு விசையின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. 9 விழுக்காடு கூடுதல் முறுக்கு என்றால் 19 விழுக்காடு கூடுதல் சூடு. 20 அங்குலச் சக்கரத்தையும் 26 அங்குலச் சக்கரத்தையும் ஒப்பிட்டால் வித்தியாசம் ஏறத்தாழ 68 விழுக்காடு. மேடு 10-லிருந்து 20 விழுக்காடாக மாறும்போது அதே சக்கரத்தில் சூடு மூன்று மடங்குக்கு மேல் ஆகிறது. வண்டி மெதுவாகச் செல்வதால் குளிரவைக்கும் காற்றும் அந்த நேரத்தில் குறைந்துவிடுகிறது. என்னுடைய நைலான் பற்கள் இளகியதற்கான விளக்கம் இவ்வளவுதான். அன்று அதைக் கணக்கிட ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

இதன் எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். பெரிய சக்கரம் கல்லின் மேல் எளிதாக ஏறும் என்பது உண்மை. ஆனால் சொல்லப்படும் அளவுக்கு இல்லை. 10 சென்டிமீட்டர் உயரக் கல்லை 26 அங்குலச் சக்கரம் 45 பாகைக் கோணத்தில் முட்டுகிறது, 29 அங்குலச் சக்கரம் 43 பாகையில் முட்டுகிறது. 20 அங்குலம் என்றால் அது 52 பாகையாகி, ஓட்டுபவரைக் கைப்பிடிக்கு மேலே தூக்கி எறியத் தயாராகிவிடும். ஆகவே ஹப் மோட்டார்தான் என்று முடிவு செய்தவர்கள் 26 அங்குலத்தைப் பின்சக்கரமாகக் கொள்வது மலைப்பாதைக்கு நல்ல நடுவழி என்பது என் கருத்து. பெடல் அச்சில் மோட்டார் வைப்பவர்கள் சைக்கிளோடு வந்த சக்கரத்தை மாற்றவே தேவையில்லை. அதன் காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

டயர் வாங்கும்போது அங்குல எண்ணை நம்ப வேண்டாம். பக்கவாட்டில் அச்சிடப்பட்டிருக்கும் மில்லிமீட்டர் எண்ணைப் பாருங்கள். மலைச் சைக்கிளின் 26 என்பது 559, 27.5 என்பது 584, 29 என்பது 622. நம் ஊர்ப் பழைய கறுப்புச் சைக்கிளின் 28 அங்குல ரிம் 635 மில்லிமீட்டர், அதாவது 29-ஐவிடப் பெரியது! 26 × 1 3/8 எனப் பின்ன எண்ணோடு வரும் ரோட்ஸ்டர் (பழைய பாணிச் சாலைச் சைக்கிள்) டயர்கள் 590 மில்லிமீட்டர் ரிம்முக்கானவை. அவை 559 ரிம்மில் உட்காரவே மாட்டா.

சக்கரத்தைச் சிறிதாக்க விரும்பினால், வண்டியில் டிஸ்க் பிரேக் இருக்க வேண்டும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கில் சக்கர அளவு மாறினால் கட்டைகள் ரிம்மைத் தொடாது. 29 அங்குல வண்டியின் பின்சக்கரத்தை மட்டும் 27.5 ஆக்கினால் பின் அச்சு 19 மில்லிமீட்டரும் பெடல் அச்சு ஏறத்தாழ 12 மில்லிமீட்டரும் தாழும்; முன் ஃபோர்க் ஒரு பாகை அளவு சாய்ந்து, இறக்கத்தில் வண்டி இன்னும் உறுதியாக நிற்கும். இதைப் பலர் வேண்டுமென்றே செய்கிறார்கள். 26 வரை இறக்கினால் பெடல் கல்லில் இடிக்கத் தொடங்கும். அப்போது 170 மில்லிமீட்டர் கிராங்கை (பெடலைத் தாங்கும் கையை) மாற்றி 165 அல்லது 160 போடலாம்.

மோட்டார் வகைகள்

பல்லில்லாத நேரடி ஹப் மோட்டாரில் தேயும் பாகம் எதுவும் இல்லை. இறக்கத்தில் பிரேக்காக மாறிப் பேட்டரிக்கு ஓரளவு மின்சாரத்தைத் திருப்பியும் தரும். ஆனால் அதன் எடை 6 அல்லது 7 கிலோ. அவ்வளவும் பின்சக்கரத்தில் சஸ்பென்ஷனுக்குக் கீழே உட்கார்ந்திருப்பதால், கல்லில் மோதும்போது டியூப் நசுங்கும், ரிம் ஒடுங்கும். குறைந்த சுழற்சியில் அதன் திறமையும் குறைவு. மலைச் சைக்கிளுக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை. மலை உச்சியில் குடியிருந்து, முழுச் சார்ஜோடு காலையில் இறக்கத்தில் புறப்படுபவர்கள், அந்த மின்சாரத்தை ஏற்றுக்கொள்ளப் பேட்டரியில் இடமே இருக்காது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பல் வைத்த ஹப் மோட்டார் 3 முதல் 4 கிலோவுக்குள் அடங்கும். உள்ளே மோட்டார் வேகமாகச் சுழல, சிறு பற்சக்கரங்கள் அந்த வேகத்தைக் குறைத்து முறுக்காக மாற்றுகின்றன. மின்சாரம் இல்லாதபோது சக்கரம் தடையின்றி உருளும். தொடர் ஏற்றம் 8 விழுக்காட்டுக்குள் இருந்தால் இதுவே மலிவான, தொல்லை குறைந்த தேர்வு. வாங்கும்போது வாட்டைவிடச் சுழற்சி எண்ணையே கேளுங்கள். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் 26 அங்குலச் சக்கரம் நிமிடத்துக்கு 196 முறை சுழல்கிறது. சுமையோடு ஓடும்போது மோட்டார், வெறுமனே சுழலும் வேகத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கையே எட்டும். எனவே உங்கள் பேட்டரி மின்னழுத்தத்தில் சுமையின்றி 240 சுழற்சி அளவில் வரும் மோட்டார் பொருத்தமானது. 330 சுழற்சி மோட்டாரைக் கடைக்காரர் வேகமானது என்று புகழ்வார். அந்த வேகத்தை மலையில் நீங்கள் ஒருபோதும் காணப்போவதில்லை.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் களைய வேண்டும். மெதுவான காயில் சுற்று உள்ள மோட்டார் குறைவாகச் சுடும் என்று பலர் சொல்வார்கள். மோட்டாருக்குள் இருக்கும் செம்பின் அளவு ஒன்றாக இருந்தால், ஒரே முறுக்கு விசைக்கு இரண்டும் ஒரே அளவுதான் சுடும். மெதுவான சுற்று அதே இழுவையைக் குறைந்த ஆம்பியரில் தருவதால் மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து அனுப்பும் கண்ட்ரோலரும் ஒயர்களும் குளிர்ச்சியாக இருக்கும். கிடைக்கும் நன்மை அதுதான். மோட்டாரைக் காப்பாற்றுவது சிறிய சக்கரமும் கனமான மோட்டாரும் மட்டுமே. கனடாவின் வான்கூவரில் உள்ள கிரின் டெக்னாலஜீஸ் நிறுவனம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் மோட்டார் சிமுலேட்டரில் சக்கர அளவையும் சரிவையும் மாற்றிப் பார்த்தால் இது கண்ணெதிரே விளங்கும்.

பெடல் அச்சில் பொருந்தும் நடு மோட்டார், செயின் வழியாக இழுப்பதால், சைக்கிளின் கியர்கள் எல்லாம் அதற்கும் கியர்களாகிவிடுகின்றன. சக்கர அளவு அதற்கு ஒரு பொருட்டாக இல்லாமல் போவது இதனால்தான். 20 விழுக்காட்டு மேட்டில் 29 அங்குலச் சக்கரம் நிமிடத்துக்கு 41 முறை மட்டுமே சுழலும். முன்னே 32 பல், பின்னே 42 பல் என்று வைத்தால் கிராங்க் 53 முறை சுழலும், மோட்டாரும் தன் வசதியான வேகத்தை ஒட்டி ஓடும். கிட்டுடன் பெரும்பாலும் வரும் 44 பல் முன்தட்டை அப்படியே விட்டு, பின்னே 34 பல்லோடு ஏறினால், கிராங்க் 31 முறைதான் சுழலும், மோட்டாரின் சூடு ஏறக்குறைய மூன்று மடங்காகும். நடு மோட்டாரை வாங்கிய பிறகும் எரித்துவிடுபவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். முன்தட்டைச் சிறிதாக்கும்போது செயின் வெளிப்பக்கமாகத் தள்ளிப்போய், மிகப் பெரிய பின்பல்லுக்குச் சாய்வாக ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாஃபாங் நிறுவனத்தின் பிபிஎஸ் வரிசை மோட்டார்கள் பெடல் சுழல்கிறதா என்பதை மட்டும் உணர்ந்து இயங்குகின்றன; டோங்ஷெங் நிறுவனத்தின் டிஎஸ்டிஇசட்2, எவ்வளவு அழுத்தி மிதிக்கிறீர்கள் என்பதையும் உணர்கிறது. சரளைக்கல் மேட்டில் சக்கரம் வழுக்காமல் ஏற இரண்டாவது வகை உதவும். இரண்டிலுமே செயினும் பின்பற்களும் விரைவில் தேயும். பத்து, பதினோரு வேகச் செயினைவிட (பின்பற்சக்கரங்களின் எண்ணிக்கையே வேகம்) எட்டு அல்லது ஒன்பது வேகச் செயின் நெடுநாள் உழைக்கும். கியர் மாற்றும் கணத்தில் மோட்டாரை நிறுத்தும் சென்சாரைத் தவறாமல் பொருத்துங்கள், இல்லையென்றால் ஒரே வாரத்தில் பற்கள் வளையும்.

வாங்குமுன் வெர்னியர் அளவுகோலால் அளத்தல்

ஹப் மோட்டாருக்கு, பின் ஃபோர்க்கில் அச்சு உட்காரும் இரு பள்ளங்களுக்கும் இடையே 135 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். புதிய மலைச் சைக்கிள்களில் 142 அல்லது 148 மில்லிமீட்டர் அகலமும், துளைக்குள் நுழைத்து முடுக்கும் 12 மில்லிமீட்டர் அச்சும் இருக்கும். அவற்றில் சாதாரண ஹப் மோட்டார் சேராது. நடு மோட்டாருக்குப் பெடல் அச்சுக் குழல் 68 அல்லது 73 மில்லிமீட்டர் அகலத்தோடு மரை வெட்டியதாக இருக்க வேண்டும். அழுத்திப் பொருத்தும் குழலாக இருந்தால் அடாப்டர் தேடி அலைய நேரிடும். கார்பன் ஃபிரேமில் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். சஸ்பென்ஷன் உள்ள முன் ஃபோர்க்கில் ஹப் மோட்டாரை மாட்டுவது ஆபத்து. மேட்டில் எடை பின்னால் போய்விடுவதால் முன்சக்கரம் வழுக்கும், அச்சுப் பள்ளமும் உடையக்கூடும்.

ரிம்மின் துளைகளையும் மோட்டாரின் துளைகளையும் எண்ணிப் பாருங்கள். 32 துளை ரிம்மை வாங்கி வந்து 36 துளை மோட்டாரின் முன் திகைத்து உட்கார்ந்தவர்களுள் நானும் ஒருவன். ரிம் இரட்டைச் சுவர் கொண்டதாக இருக்கட்டும். ஸ்போக் கம்பி தடித்திருந்தால் நல்லது என்று 12 கேஜ் (கேஜ் எண் குறையக் கம்பி தடிக்கும்) போடுபவர்கள் உண்டு. சாதாரண ரிம்மின் துளைக்கு அது பொருந்தாது, போதிய இழுவிசையும் ஏறாது. 13 அல்லது 14 கேஜ் போதும். மோட்டாரின் விளிம்பு பெரிதாக இருப்பதால், கம்பிகளை ஒரே ஒரு குறுக்காகப் பின்னச் சொல்லுங்கள். வழக்கம்போல மூன்று குறுக்கு பின்னினால் ரிம்மில் கம்பியைப் பிடிக்கும் நிப்பிள் சாய்ந்து நின்று, கம்பி மரையிலேயே ஒடியும்.

அச்சைத் திருகவிடாமல் ஃபிரேமோடு பிணைக்கும் எஃகுத் தகட்டை, டார்க் ஆர்ம் என்று கேட்டு வாங்குங்கள். மோட்டாரின் முறுக்கு முழுவதையும் அச்சில் சீவிய 10 மில்லிமீட்டர்ப் பட்டைகளே தாங்குகின்றன. 60 நியூட்டன் மீட்டர் முறுக்கு அந்தச் சிறு இடத்தில் ஏறக்குறைய 600 கிலோ எடைக்கு நிகரான விசையாக மாறுவதால், அலுமினிய ஃபோர்க் தனியாகத் தாங்காது. அச்சு ஒரு முறை சுழன்றுவிட்டால், அதன் வழியே வரும் ஒயர்களும் அறுந்துபோகும்.

பேட்டரிக்கான கணக்கும் மேட்டிலிருந்தே வருகிறது. 250 வாட் வெளியே வர, நூற்றில் எழுபது பங்கு திறமை என்று கொண்டால், பேட்டரியிலிருந்து 357 வாட் போகும். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் அது கிலோமீட்டருக்கு 36 வாட் மணி. 36 வோல்ட் 10 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்று, பத்து கிலோமீட்டர்த் தொடர் ஏற்றத்தில் முழுவதுமாகக் காலியாகிவிடும். 48 வோல்ட் 13 ஆம்பியர் மணி என்றால் ஏறிய பிறகும் கொஞ்சம் மிச்சமிருக்கும்.

முதல் ஏற்றம்

கட்டி முடித்ததும் வீட்டுக்கு அருகில் உள்ள குறுகிய மேட்டில் பை ஏதுமின்றி ஏறிப் பார்த்து, உடனே மோட்டாரின் மூடியைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால், உள்ளே காயில் அதைவிட வெகுவாகச் சூடேறியிருக்கும் என்று பொருள். வெப்ப சென்சார் உள்ள மோட்டாராக இருந்தால், 100 டிகிரியைத் தாண்டும்போது கண்ட்ரோலர் தானாகவே மின்சாரத்தைக் குறைக்கும்படி அமைத்துவிடலாம். அடுத்த ஏற்றத்துக்கு முன், அச்சு நட்டின் மேலும் அதையொட்டிய ஃபிரேமின் மேலும் சேர்ந்தாற்போல ஒரே கோடாகச் சுண்ணக்கட்டியால் வரையுங்கள். இறங்கி வந்து பார்க்கும்போது கோடு விலகியிருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது. டார்க் ஆர்மைக் கழற்றிச் சரியாக உட்காரவைத்து மறுபடி முடுக்க வேண்டும். முதல் 50 கிலோமீட்டருக்குள் ஸ்போக் கம்பிகள் தளரும் என்பதால், சைக்கிள் கடையில் சக்கரத்துக்கு ஒரு முறை கோட்டம் எடுத்துவிட்டு, அதன் பிறகே முழு எடையோடு பெரிய மேட்டுக்குச் செல்லுங்கள்.